பாட்டியின் பாட்டும் பேரனின் கிற்றாரும்

கலப்பிசையைக் கேட்கவும் எடைபோடவும் ஒரு பாடம்



பழைய நாட்டார் பாடலையோ, பதிகத்தையோ, கீர்த்தனத்தையோ எடுத்து, அதற்குக் கிற்றார், கீபோர்ட், டிரம்ஸ் முதலிய வாத்தியங்களைச் சேர்த்து ஒலிப்பதிவு செய்து வெளியிடுவது இன்று பெருவழக்காகிவிட்டது. முன்பு இசைத்தட்டாகவும், பின்பு ஒலிநாடாவாகவும், அதன்பின் இறுவட்டாகவும் வந்த இசை, இப்போது கைத்தொலைபேசி வழியாக லயத்து அறைக்குள்ளேயே வந்துவிடுகிறது. இளைஞர் கேட்டு மகிழ்கின்றனர். முதியோர் சிலரோ, “நம் பாட்டைக் கெடுத்துவிட்டார்கள்” என்று முகம் சுளிக்கின்றனர். இரு சாராரும் ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்கள். எனவே இது பொழுதுபோக்கோடு முடிந்துவிடும் விடயமன்று. குடும்பத்தையும் நம் மக்களின் நினைவையும் தொடும் விடயம்.

கலப்பிசை நல்லதா, கெட்டதா என்று ஒரே சொல்லில் கேட்பது சரியான கேள்வியன்று. எந்தக் கலப்பு நல்லது, அதை எதைக் கொண்டு அறிவது என்பதே நாம் ஆராய வேண்டியது.

1. கலப்பு நேற்று வந்ததன்று

கர்நாடக இசைக் கச்சேரியில் வயலின் இல்லாத மேடையை இன்று காண்பது அரிது. ஆனால் வயலின் ஐரோப்பிய வாத்தியம். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியக் கலைஞர் ஒருவரிடம் அதைக் கற்று, நம் இசைக்கு ஏற்றவாறு வாசித்தார். முத்துசாமி தீட்சிதரோ, சென்னையில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் பாடல் அமைத்தார். ‘நோட்டுஸ்வரம்’ எனப்படும் இப்பாடல்கள் ஏறத்தாழ 40 உள்ளன. இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டும் அவற்றில் ஒன்று.

ஹார்மோனியத்தின் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவாகி, மிஷனரிமாரோடு இந்தியாவுக்கு வந்த வாத்தியம் அது. நாடக மேடையிலும் கோயிலிலும் பஜனை மடத்திலும் இடம்பிடித்த அந்தப் பெட்டியை அகில இந்திய வானொலி 1940இல் தடை செய்தது. 1971 வரை அத்தடை நீடித்தது. காரணம் வீண் பிடிவாதம் மட்டுமன்று. ஹார்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே நிலையான ஒலிதான் உண்டு. நம் இராகங்களிலோ சுரம் அசையும், வளையும், அடுத்த சுரத்தைத் தொட்டுத் திரும்பும். இதையே கமகம் என்கிறோம். அசையும் சுரத்தை அசையாத கட்டையில் எப்படி வாசிப்பது என்பதே எதிர்ப்பாளர் எழுப்பிய கேள்வி. இன்றைய கீபோர்ட் வாசிப்பவர்களுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

நம் நாட்டிலும் இதற்கு வரலாறு உண்டு. போர்த்துக்கேயர் வழிவந்த பைலா தாளமும், கிற்றாரும், தமிழ்ப் பேச்சு வழக்கும் சேர்ந்தபோது இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை பிறந்தது. நித்தி கனகரத்தினம் பாடிய ‘சின்ன மாமியே’யும், ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’யும் 1970களில் கடல் கடந்தும் ஒலித்தன. மனோகரன் 2018இல் காலமானார். பாட்டு இன்னும் கலியாண வீடுகளில் உயிரோடு இருக்கிறது.

கத்தோலிக்க மரபிலும் முன்னோடி உண்டு. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். அவர் 1878இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’களை வெளியிட்டார். தம் விசுவாசத்தை விடாமல், எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனங்களைத் தமிழ் இசை மரபிலேயே ஆக்கினார்.

எனவே ‘கலப்பு’ என்ற சொல்லைக் கேட்டவுடன் அஞ்சத் தேவையில்லை. நாம் தூயது என்று நினைக்கும் பலவும் ஒருகாலத்தில் கலந்து வந்தவையே.

2. இசைத்தட்டில் கிழக்கும் மேற்கும்

சித்தார் கலைஞர் ரவிசங்கரும் வயலின் மேதை யெஹூதி மெனுஹினும் சேர்ந்து வாசித்த இசைத்தட்டு 1967இல் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தது. 1970களின் நடுவில் ஆங்கிலேயக் கிற்றார் கலைஞர் ஜோன் மக்லோலின், வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோர் ‘சக்தி’ என்ற குழுவை அமைத்தனர். சாதாரண மண்பானை போல் தோன்றும் கடம், இக்குழு வழியாக உலக அரங்குகளில் ஏறியது. பிற்காலத்தில் வேறு கலைஞரும் சேர்ந்த இதே குழுவின் இசைத்தொகுப்பு ஒன்று 2024இல் கிராமி விருது பெற்றது.

தமிழருக்கு நன்கு தெரிந்த முயற்சி இளையராஜாவினுடையது. தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை கற்றவர் அவர். 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் செலுத்திய வணக்கமாக அது அமைந்தது. 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது.

இங்கு அறிய வேண்டிய நுணுக்கம் ஒன்று. மேனாட்டு இசை பல ஒலிகளை ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். நம் இசை ஒற்றை இழையை நீட்டி, வளைத்து அழகுபடுத்தும். அசையும் சுரத்தின் கீழே அசையாத ஒலியடுக்கை வைத்தால் இரண்டும் மோதும். ஆகவே திறமையுள்ள கலைஞன் எங்கே அடுக்குவது, எங்கே சும்மா விடுவது, எங்கே இரண்டு இழைகளை எதிரெதிரே ஓடவிடுவது என்று இடம் அறிந்து செய்கிறான். திறமை இல்லாதவனோ எல்லா இடத்தையும் ஒலியால் நிரப்பிவிடுகிறான். நல்ல கலப்புக்கும் மோசமான கலப்புக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி இதுதான்.

3. திருவாசகம் புடாபெஸ்டுக்குச் சென்றது

2005இல் வெளிவந்த ‘திருவாசகம் – சிம்பொனி’ நம் வாசகர்களுக்குச் சிறப்பாகப் பயன்படும் எடுத்துக்காட்டு. மாணிக்கவாசகர் பாடிய சைவத் திருநூல், இசை இளையராஜா, வாசித்தது ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக் குழு, ஆங்கில வரிகள் அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். இதை முன்னின்று நிறைவேற்றிய ‘தமிழ் மையம்’ அமைப்பின் தலைவரோ கத்தோலிக்கக் குருவான அருட்தந்தை ஜெகத் கஸ்பர். 1990களில் மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியில் அவர் குரலைக் கேட்ட இலங்கைத் தமிழர் பலர்.

‘ஒரு குருவானவர் ஏன் சைவத் திருநூலுக்காக உழைக்க வேண்டும்?’ என்று கேட்பவர் உண்டு. திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல் வெளியிட்ட ஜி. யு. போப் ஒரு கிறிஸ்தவ மிஷனரி என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கலாம். தன் குறையை எண்ணி உருகும் உள்ளத்தின் குரல் எந்த வேலிக்குள்ளும் அடங்குவதில்லை. அயலவரின் செபத்தை மதிப்பதால் நம் செபம் குறைந்துவிடாது.

பெயரைப் பற்றி ஒரு விளக்கம். ‘சிம்பொனி’ என்பது பொதுவாக வாத்தியக் குழுவுக்காகப் பல பகுதிகளாக எழுதப்படுவது. தனிக்குரலும் குழுக்குரலும் வாத்தியக் குழுவும் சேர்ந்து, நடிப்பின்றி, சமயப் பொருளைப் பாடுவதற்கு ‘ஒரட்டோரியோ’ என்று பெயர். உரோமையில் புனித பிலிப்பு நேரியார் மக்களைக் கூட்டிச் செபித்த செபக்கூடத்திலிருந்து வந்த பெயர் அது. திருவாசக இசைத்தொகுப்பு இந்த இரண்டாம் வகைக்கே நெருக்கமானது. இளையராஜாவின் முழுமையான சிம்பொனி 2025 மார்ச் 8ஆம் திகதி இலண்டனில் ரோயல் பில்ஹார்மோனிக் குழுவினரால் அரங்கேற்றப்பட்டது.

திருவாசகத் தொகுப்பு எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. ஓதுவார் மரபில் கேட்டுப் பழகியவர்களுக்குப் பெரிய வாத்தியக் குழு சொல்லை மறைப்பதாகத் தோன்றலாம். ஆயினும் அதுவரை அந்நூலைத் திறந்திராத இளைஞர் பலரின் செவிக்கு அது சென்றது. ஒரே ஆக்கத்தில் இழப்பும் பேறும் இருக்கக்கூடும் என்பதை இதிலிருந்து கற்கிறோம்.

4. நம் மலையிலிருந்து போன குரல்

இனி நமக்கு மிக அண்மையான செய்திக்கு வருவோம். 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்ஜாய் எஞ்சாமி’ பாடலை நம் தோட்டத்துப் பிள்ளைகளில் அறியாதவர் குறைவு. பாடியவர்கள் தீ, அறிவு. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். ஒப்பாரியின் இழையும் புதிய ‘ராப்’ நடையும் அதில் சேர்ந்துள்ளன. பாடிய பிள்ளைகள் அறியாத செய்தி ஒன்று உண்டு. அப்பாட்டின் பின்னால் நிற்பவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின் தமிழ்நாட்டுக்குத் திரும்பிச் சென்றவர்.

1964 அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களின் தலைவிதியைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு என்று. 1974இல் அந்த மீதியும் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டது. அப்படிப் பிரிந்து போன உறவுகள் பூண்டுலோயாவின் எத்தனை லயங்களில் இல்லை! போனவர்கள் பெட்டியோடு பாட்டையும் எடுத்துச் சென்றார்கள். அந்தப் பாட்டு ஒரு பேரன் வாயில் மீண்டு, உலகம் சுற்றி, நம் கைத்தொலைபேசிக்கே திரும்பி வந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2021 ஆகஸ்டில் ஒரு சஞ்சிகை அட்டைப்படத்தில் அறிவின் படம் இல்லை என்று கண்டனம் எழுந்தது. 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாட்டு மேடையேறியபோது, பாட்டை எழுதி, மெட்டமைத்து, பாடியது தாமே என்று அறிவு எழுதினார். அவருக்குரிய பெயரை ஒருபோதும் மறைக்கவில்லை என்று தீயும், இது மூவரின் கூட்டு முயற்சி என்று சந்தோஷ் நாராயணனும் பதிலளித்தனர். 2024 மார்ச்சில், இப்பாட்டினால் தங்களுக்கு இதுவரை ஒரு சதமும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது நம் வேலையன்று. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டிலேயே, பெயர் யாருக்கு, பங்கு யாருக்கு என்ற வழக்கு தீராமல் நின்றது என்பதைக் குறித்துக்கொள்வோம். கொழுந்து பறித்தவருக்கும் தேநீர் விற்றவருக்கும் இடையிலான கணக்கை நன்கு அறிந்த நம் மக்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டுமா?

5. தப்பை எங்கே வைப்பது?

மலையகத்தின் வாத்தியம் தப்பு. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும் அது. மாசியில் காமன் கூத்தை நடத்துவதும் அது. செத்த வீட்டுக்கு வழிகாட்டுவதும் அது. வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து முதல் பாராளுமன்றத்துக்குச் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையை விடியற்கால முரசொலியைக் கொண்டே தொடங்கினார். தோட்டத்து மக்கள் பாடிய பாடல்களைத் தேடித் தொகுத்ததும் அவர்தான்.

ஆனால் தப்பை நாம் எப்படி நடத்துகிறோம்? சாவுக்கு அடிப்பது, சாதி குறைந்தவன் அடிப்பது என்று சொல்லி, அதை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோம். நகரத்துக் கலைஞன் அதே ஒலியைக் கணினியில் சேர்த்து அனுப்பினால் வீட்டுக்குள் வைத்துக் கேட்கிறோம். தோல் வெளியே, அதன் ஒலி மட்டும் உள்ளே! இது நியாயமா?

திருச்சபையின் போதனை இதில் தெளிவானது. 1963 டிசம்பர் 4ஆம் திகதி வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம், மக்களினங்கள் தமக்கென இசை மரபு கொண்டிருந்தால் அதற்கு உரிய மதிப்பும் தகுந்த இடமும் தரப்பட வேண்டும் என்கிறது (119). குழாய் ஆர்கனை உயர்வாகப் போற்றினாலும், பிற வாத்தியங்கள் வழிபாட்டுக்கு ஏற்றவையாக இருந்தாலோ, ஏற்றவையாக ஆக்கப்படக் கூடியவையாக இருந்தாலோ, உரிய அதிகாரியின் இசைவோடு அனுமதிக்கலாம் என்கிறது (120). ‘ஏற்றவையாக ஆக்கப்படக் கூடியவை’ என்ற சொற்றொடரைக் கவனியுங்கள். வாத்தியத்துக்குப் பிறவிப் பாவம் இல்லை.

உலகத் திருச்சபை இதைச் செய்து காட்டியுள்ளது. கொங்கோவில் பெல்ஜிய பிரான்சிஸ்கன் குரு கைடோ ஹாசன், அந்நாட்டுப் பிள்ளைகளோடு பாடிப் பாடி உருவாக்கிய ‘மிஸ்ஸா லூபா’ திருப்பலி இசை 1958இல், சங்கம் கூடுமுன்பே, இசைத்தட்டாக வந்தது. ஆர்ஜென்டீனாவில் ஏரியல் ராமிரெஸ் 1964இல் ‘மிஸா கிரியோல்லா’வை அமைத்தார், அதில் மலைநாட்டு மக்களின் நரம்பு வாத்தியமும், மரத்திலும் தோலிலும் செய்த பெரிய பறையும் ஒலிக்கின்றன. நம் நாட்டில் மார்சலின் ஜயக்கொடி அடிகளார் (1902–1998) சிங்களக் கிராமிய மெட்டுகளின் மணத்தோடு பக்திப் பாடல்களைத் தந்தார். 1983இல் மக்சேசே விருது பெற்றார். தமிழ்நாட்டில் மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), ஏழை மக்களின் இறையியல் நாட்டார் இசையிலேயே பேசும் என்று வாதித்தார். திண்டுக்கல்லில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் சக்தி கலைக்குழு, இழிவு என்று ஒதுக்கப்பட்ட பறையை இளம்பெண்கள் கையில் கொடுத்து மானத்தின் ஒலியாக்கியது.

6. எடைபோட மூன்று கேள்விகள்

கலப்பிசைத் தொகுப்பு ஒன்றைக் கேட்கும்போது இம்மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, சொல் நிற்கிறதா? தமிழில் குறிலை நீட்டினால் பொருளே மாறிவிடும். ‘மலை’ நீண்டால் ‘மாலை’. ‘பல்’ நீண்டால் ‘பால்’. மெட்டுக்காகச் சொல்லை இழுப்பதும், டிரம்ஸ் சத்தத்தில் சொல்லை மூழ்கடிப்பதும் பாட்டுக்கு அழகல்ல. வழிபாட்டுப் பாடலில் இது இன்னும் பெரிய குறை. அங்கே பாட்டே செபம்.

இரண்டாவது, பழைய நடை உயிரோடு இருக்கிறதா? நம் கும்மிப் பாடல்கள் பலவும் மூன்று மூன்றாக எண்ணும் நடையில் துள்ளுபவை. கீபோர்டில் பொத்தானை அமுக்கினால் வரும் தாளங்களில் பெரும்பாலானவை நான்கு எண்ணிக்கை. கும்மியை அதற்குள் திணித்தால் கால் நொண்டும். அதுபோல, பனி பிடித்த காலையில் தப்பின் தோல் தளரும். நெருப்பில் காட்டினால்தான் ஒலி எழும்பும். அந்த ஏற்ற இறக்கம் பதிவுசெய்து வைத்த யந்திர ஒலியில் இல்லை. வாத்தியத்துக்குத் தக்கபடி பாட்டை வெட்டுவதா, பாட்டுக்குத் தக்கபடி வாத்தியத்தைப் பழக்குவதா? பாலுசாமி தீட்சிதர் செய்தது இரண்டாவது.

மூன்றாவது, பெயரும் பங்கும் உரியவரைச் சேர்ந்தனவா? ‘நாட்டார் பாடல்’ என்று போட்டுவிட்டால் அது அநாதைப் பாட்டு என்று பொருளன்று. யாரோ ஒரு தாய் அதைக் காத்து வைத்திருந்தாள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிக நோக்கில் விருப்பம்போல் எடுத்தாளாதபடி பாதுகாக்கிறது. வேலையாளுக்கு உரிய கூலியைப் பிடித்து வைக்காதே என்ற கட்டளை பாட்டுக்கும் பொருந்தும்.

7. பூண்டுலோயாவில் நாம் என்ன செய்யலாம்?

டன்சினன், சீன் போன்ற தோட்டங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அறிந்த மூதாட்டியர் இன்னும் இருக்கின்றனர். ஆண்டுதோறும் அவர்கள் குறைகின்றனர். ஒருவர் கண்மூடும்போது பாடல்களும் அவரோடு குழிக்குள் போகின்றன. மலையகத்தார் வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்த 200 ஆண்டுகளின் எழுதாத ஏடு இவர்கள் நெஞ்சில்தான் இருக்கிறது.

இளைஞரே, கிற்றாரைக் கையில் எடுக்குமுன் கைத்தொலைபேசியை எடுங்கள். மழைச் சத்தமும் தொலைக்காட்சிச் சத்தமும் இல்லாத வேளையில் பாட்டியிடம் போய் அமருங்கள். பதிவு செய்யலாமா என்று முதலில் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். ஒப்பாரி துக்கத்துக்குரியது, சும்மா பாட அவர் விரும்பாதிருக்கலாம். பாட்டை முழுமையாகப் பதியுங்கள். இரண்டு வரியோடு நிறுத்தாதீர்கள். பெயர், தோட்டம், திகதி, யாரிடம் கற்றார், எப்போது பாடுவார் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். சொல்லை அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பிரதியை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்றை அவர் குடும்பத்துக்குக் கொடுங்கள்.

அதன்பின் தாராளமாகக் கிற்றாரைச் சேருங்கள். வெளியிடும்போது அவர் பெயர் முதலில் வரட்டும். பணம் வரக்கூடும் என்றால் பங்கை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பாடகர் குழுவினர் தப்படிக்கும் அண்ணனை ஒத்திகைக்கு அழையுங்கள். திருப்பலியில் எங்கே, எவ்வளவு என்பதைப் பங்குக் குருவோடு கலந்து முடிவு செய்யுங்கள். அழைப்பதென்றால் உள்ளே அழையுங்கள். வாசலில் நிறுத்தி வாசிக்கச் சொல்லாதீர்கள்.

பெரியோரே, பேரப்பிள்ளை உங்கள் பாட்டை வேறு விதமாகப் பாடினால் உடனே கோபிக்க வேண்டாம். அவன் கேட்கிறான் என்பதே பெரிது. எங்கே சொல் பிசகியது, எங்கே நடை தவறியது என்று எடுத்துச் சொல்லுங்கள். உங்களைத் தவிர வேறு யார் அவனுக்கு அதைச் சொல்ல முடியும்?

குடும்பத்தில் கலந்துரையாட:

1. நம் வீட்டில் யாருக்கு எத்தனை பழைய பாடல்கள் தெரியும்? அவற்றில் எழுதி வைத்தவை எத்தனை?

2. நாம் விரும்பிக் கேட்கும் கலப்பிசைப் பாடல் ஒன்றை எடுத்து, மேற்கூறிய மூன்று கேள்விகளையும் கேட்டால் என்ன விடை வருகிறது?

3. தப்படிப்பவரை நம் கோயிலிலும் நம் வீட்டிலும் எந்த இடத்தில் அமர்த்துகிறோம்?